ஈஸ்டர் காலத்தில் நம்பிக்கையும் பயமும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். தவக்காலம் தொடங்கிவிட்டால் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். சிலுவைப்பாதை முடிந்து செருப்பு மாட்டும்போது ஒருவர், பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது இன்னொருவர், கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மற்றொருவர். சி.எஸ்.ஐ. சபையிலும் பெந்தெகொஸ்தே சபையிலும் இருக்கும் சிநேகிதிகளும் கேட்பதுண்டு. ஒரே சந்தேகம் பத்துப் பேர் வாயிலிருந்து வந்த பிறகு, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், ஈஸ்டர் ஒரு நாள் திருவிழாதானே? "ஈஸ்டர் காலம்"னு ஏன் சொல்றீங்க?

ஒரு நாள் அல்ல, 50 நாள். உயிர்ப்பு ஞாயிறில் தொடங்கி, தூய ஆவியார் இறங்கி வந்த பெந்தெகொஸ்தே ஞாயிறு வரை. 2026இல் ஏப்ரல் 5 முதல் மே 24 வரை. நடுவில் 40ஆம் நாள் ஆண்டவர் விண்ணேற்றம் (சில நாடுகளில் அதை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிக் கொண்டாடுவார்கள்). இந்த நாள்களில் பெரும்பாலும் பூசைக்கு வெள்ளை உடுப்புதான், பெந்தெகொஸ்தே அன்று மட்டும் சிவப்பு. உயிர்ப்பு இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரி பூசைதோறும் பீடத்தருகே எரியும்.

தவக்காலத்துக்கு 40 நாள், ஈஸ்டருக்கு 50 நாள். நம் ஊரில் அந்த நாற்பது நாளைக் கவுச்சி விட்டு, காவி உடுத்தி, வேளாங்கண்ணிக்கு நடந்து எனப் பிடிவாதமாகக் காக்கிறோம். ஐம்பது நாளையோ ஈஸ்டர் மதியம் பிரியாணியோடு முடித்துவிடுகிறோம். நான் எழுதும் பதில்களில் பாதி, நாம் விட்டுவிடும் அந்த நாள்களில்தான் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் டிசம்பர் 25. ஈஸ்டர் மட்டும் ஏன் வருஷா வருஷம் மாறுது?

நிலவை ஒட்டி வருவதால். மார்ச் 21க்கோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. ஆகவே மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் விழலாம். கீழைத் திருச்சபைகள் பல பழைய ஜூலியன் நாள்காட்டியை வைத்துக் கணக்கிடுவதால் அவர்களுக்குப் பெரும்பாலும் வேறு தேதி வரும். 2025இல் இரண்டும் ஏப்ரல் 20இலேயே சேர்ந்து வந்தன.

எங்க சபையில "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". நீங்க "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு"ங்கறீங்க. யார் மாத்தினது?

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 13ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கும் சபைகளில் முதல் சொல் விசுவாசம், இரண்டாவது நம்பிக்கை. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் முதல் சொல் நம்பிக்கை, இரண்டாவது எதிர்நோக்கு. கிரேக்க மூலம் ஒன்றுதான். ஆனால் "நம்பிக்கை" என்ற சொல் மட்டும் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்துவிட்டது. ஒரே வீட்டில் மாமியார் ஒரு சபை, மருமகள் ஒரு சபை என்றால் ஜெபத்தின் நடுவே குழப்பம் வரத்தான் செய்யும்.

எனக்கு இரண்டு சொல்லும் வேண்டும். நம்பிக்கை என்றால் சாய்ந்துகொள்ளலாம். எதிர்நோக்கு என்றால் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது. வெளியூர் போன பிள்ளைக்குச் சோறு எடுத்து மூடி வைத்துவிட்டு அம்மா காத்திருப்பாளே, அது எதிர்நோக்கு. அவன் எத்தனை மணிக்கு வருவான் என்று அவளுக்குத் தெரியாது. வருவான் என்பதால்தான் மூடி வைக்கிறாள். உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில் இந்த எதிர்நோக்கு ஏமாற்றம் தராது என்கிறார் பவுல். 2025ஆம் ஆண்டு யூபிலிக்கு (புனித ஆண்டுக்கு)த் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துக்கொண்ட வாக்கும் அதுதான். அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று மாடத்தில் வந்து மக்களுக்கு ஆசி கொடுத்தார். மறுநாள் காலையில் காலமானார்.

கீழே நான் "நம்பிக்கை" என்று எழுதும்போது அவரவர் வழக்கப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் ராத்திரி எல்லாரும் அல்லேலூயா பாடுறாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணுமே தோணல. என் விசுவாசத்துல ஏதும் குறையா?

அதிகம் பேர் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. பதிலை மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்குகிறேன். மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அந்த நற்செய்தி 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் காலியான கல்லறையைப் பார்த்தார்கள், வானதூதரின் செய்தியைக் கேட்டார்கள், நடுநடுங்கி ஓடினார்கள், அச்சத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் ஈஸ்டர் காலையில் அவர்கள் வாயில் அல்லேலூயா இல்லை.

அன்று மாலை என்ன ஆயிற்று என்று யோவான் தன் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். சீடர்கள் பயந்துபோய்க் கதவைத் தாழிட்டு உள்ளே இருந்தார்கள். இயேசு நடுவில் வந்து நின்று, "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்றார். அவர்கள் மகிழ்ந்தார்கள். சரி, அதோடு பயம் போய்விட்டதா? அதே அதிகாரத்தின் 26ஆம் வசனத்தை மெதுவாக வாசியுங்கள். எட்டு நாளுக்குப் பிறகு, தோமாவும் இருந்தபோது, கதவுகள் மறுபடியும் பூட்டியே இருந்தன. உயிர்த்த ஆண்டவரைக் கண்ணால் கண்டவர்கள், ஒரு வாரம் கழித்தும் தாழ்ப்பாளை நீக்கவில்லை!

பல ஆண்டு இந்தப் பகுதியை வகுப்பில் வாசித்தும் இது என் கண்ணில் படவில்லை. பட்ட பிறகு ஈஸ்டரை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. பூட்டிய கதவுக்காக இயேசு அவர்களைத் திட்டவில்லை. திறக்கச் சொல்லி வெளியே காத்து நிற்கவுமில்லை. முதலில் உள்ளே வந்தார். ஆகவே அந்த இரவில் ஒன்றும் தோன்றாமல் மெழுகுதிரியோடு நின்றவர்களே, நீங்கள் முதல் சீடர்களின் பக்கத்தில்தான் நின்றிருக்கிறீர்கள்.

அப்போ அவங்களுக்குத் தைரியம் எப்பதான் வந்துச்சு?

பெந்தெகொஸ்தே அன்று வெளியே வந்து பேசினார்கள். அதற்கு முன்பான நாள்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், பெரிதாக ஒன்றுமில்லை. பேதுரு, "நான் மீன்பிடிக்கப் போகிறேன்" என்று கிளம்பினார், மற்றவர்களும் கூடவே போனார்கள். விடிய விடிய வலை வீசியும் ஒன்றும் சிக்கவில்லை. விடியற்காலையில் கரையில் இயேசு கரி நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் வைத்திருந்தார். அதன் பிறகு எருசலேமில் ஒரு மாடி அறையில், பெண்களும் இயேசுவின் தாயும் சேர்ந்து ஏறத்தாழ 120 பேர் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கரி நெருப்பைக் கவனியுங்கள். யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று தலைமைக் குருவின் முற்றத்தில். அங்கே குளிர் காய்ந்தபடிதான் பேதுரு, "நான் அவருடைய சீடன் அல்ல" என்று மறுதலித்தார். மற்றொன்று இந்தக் கரையில். அங்கே மூன்று முறை மறுத்தவரிடம் இங்கே மூன்று முறை, "என்மீது அன்பு செலுத்துகிறாயா?" என்று கேட்கிறார் இயேசு. அதுவும் முதலில் சாப்பிட வைத்த பிறகு. அவமானத்தில் குன்றிப்போனவரை இப்படியும் நிமிர்த்தலாம் என்று அங்கேதான் படித்தேன்.

பெந்தெகொஸ்தேயோடு பயம் ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. திருத்தூதர் பணிகள் 4ஆம் அதிகாரத்தில், மிரட்டி அனுப்பப்பட்ட பேதுருவும் யோவானும் திரும்பி வந்ததும் எல்லாரும் கூடி ஜெபிக்கிறார்கள். மிரட்டலை நீக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை, துணிவோடு பேச வரம் தாரும் என்றே கேட்கிறார்கள். கேட்கிறார்கள் என்றால், இருந்த துணிவு தீர்ந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்?

போன மாசம் அப்பா தவறிட்டாங்க. இந்த வருஷம் ஈஸ்டர் இல்லைன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. கோயிலுக்கு மட்டும் போகலாமா? அங்க அழுதா "விசுவாசம் இல்லையா"ன்னு கேக்குறாங்க.

துக்க வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது என்பது நம் வழக்கம். புதுத்துணியும் பலகாரமும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் வீட்டில்தான் இந்த வருஷம் ஈஸ்டர் அதிகம் தேவை. கத்தோலிக்க முறையில் பாஸ்கா திரியை உயிர்ப்புக் காலத்தைத் தவிர இரண்டு சமயங்களில் ஏற்றுவார்கள்: திருமுழுக்கின்போதும், அடக்கப் பூசையில் சவப்பெட்டியின் அருகிலும். அப்பா திருமுழுக்குப் பெற்ற அன்று எரிந்ததும் அதே சுடர்தான்.

அழுகையைப் பற்றி: பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியது, எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போலத் துயரப்படாதீர்கள் என்பது. துயரமே படாதீர்கள் என்று அவர் எழுதவில்லை. இலாசரை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அவன் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழுதார். உயிர்த்தவரை முதலில் கண்ட மகதலா மரியா அழுதுகொண்டேதான் நின்றார். கண்ணீர் மறைத்ததால் தோட்டக்காரர் என்று நினைத்துவிட்டார். "மரியா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே தெரிந்தது. என் அம்மா ஒரு தவக்காலத்தில் இறந்தார். அந்த ஆண்டு உயிர்ப்பு இரவில் நான் ஒரு பாட்டும் பாடவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கும் சேர்த்துப் பாடினார். யாராவது அழுதால் அந்த அக்காவைப் போல இருங்கள், கேள்வி கேட்காதீர்கள்.

செத்தவர் உயிரோட எழுந்தார்னு படிச்சவங்க நம்ப முடியுமா? சந்தேகப்பட்டா பாவமா?

சந்தேகம் பாவமாக இருந்தால், ஆண்டுதோறும் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு தோமாவின் கதையைக் கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கமாட்டார்கள். காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அவர் கேட்டதை இயேசு மறுக்கவில்லை. வந்து காயத்தைக் காட்டினார். "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்ற உயர்ந்த அறிக்கை அந்தச் சந்தேகக்காரர் வாயிலிருந்துதான் வந்தது. அவர் இங்கே மயிலாப்பூர் வரை வந்து உயிர் கொடுத்தார் என்பது நம் மரபு. பரங்கிமலை ஏறுகிறவர்கள் ஒருமுறை இதை நினைத்துப் பாருங்கள்.

நிரூபணம் என்னிடம் இல்லை. யோசிக்க இரண்டு விஷயம் சொல்வேன். அக்காலத்தில் பெண்களின் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பில்லை. புனைந்த கதை என்றால் முதல் சாட்சிகளாகப் பெண்களை வைத்திருக்கமாட்டார்கள். அடுத்தது, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதம். சிலுவைச் சாவுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக்குள் எழுதப்பட்டது. உயிர்த்தவரைக் கண்ட ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுபோல. கிறிஸ்து எழவில்லை என்றால் உங்கள் நம்பிக்கை வீண் என்று தன் பேச்சுக்கே பந்தயம் கட்டுவதும் அதே அதிகாரத்தில்தான்.

உயிர்த்த உடம்புல ஏன் இன்னும் காயம் இருக்கு? ஆறியிருக்கணுமே?

பத்து வயதுப் பிள்ளை கேட்டது. பெரியவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

சாவை வென்றவருக்குக் காயத்தை மறைப்பது பெரிய காரியமா? வைத்துக்கொண்டார். காயத்தைப் பார்த்துத்தான் சீடர்கள் அவரை அடையாளம் கண்டார்கள். பாஸ்கா திரியிலும் சிலுவை வடிவில் ஐந்து சாம்பிராணி மணிகள் பதிப்பார்கள், ஐந்து காயங்களுக்காக. அவற்றுக்கிடையே அந்தந்த ஆண்டின் நான்கு எண்களையும் பொறிப்பார்கள். நீங்கள் அடிபட்ட இந்த ஆண்டும் அந்தக் காயங்களின் நடுவேதான் எழுதப்படுகிறது.

இலங்கையில ஈஸ்டர் பூசையிலேயே குண்டு வெடிச்சுதே. அப்ப கடவுள் எங்க இருந்தார்?

2019 ஏப்ரல் 21. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கூடவே கொழும்பு விடுதிகள். 260 பேருக்கு மேல் இறந்தார்கள். மட்டக்களப்பில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற தமிழ்ப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் தாயிடம் போய் "இதுவும் கடவுள் திட்டம்" என்று யாரும் சொல்லக்கூடாது. அப்படிச் சொல்ல விவிலியம் எனக்கு அனுமதி தரவில்லை. சிலுவையில் இயேசுவே, "என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கதறினார். அந்தக் கேள்விக்கு வானத்திலிருந்து அப்போது பதில் வரவில்லை. நானும் பதிலை உருவாக்கித் தரமாட்டேன்.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த இயேசுவின் சொரூபத்தில் இரத்தம் தெறித்திருந்தது. அந்தப் பங்கு மக்கள் அதை வெள்ளையடித்து மறைக்காமல் காத்து வைத்தார்கள். முந்தைய கேள்விக்கு அவர்கள் தந்த பதிலாக அதை எடுத்துக்கொள்கிறேன். கொச்சிக்கடைத் திருத்தலம் அதே ஆண்டு ஜூன் மாதம் மறுபடி திறந்தது. இறந்தவர்களுக்கு உண்மையும் நீதியும் வேண்டும் என்று உறவினர்களும் திருச்சபையும் ஆண்டுகள் கடந்தும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உயிர்ப்பை நம்புகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போக வேண்டும் என்பதில்லை. நீதி கேட்பதும் எதிர்நோக்குதான்.

தைரியம்னா பயமே இல்லாம இருக்கறதா? நம்ம ஊருல அப்படி யாராவது?

கைதாகும் முன் கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவின் வியர்வை இரத்தத் துளிகள்போல் விழுந்ததாக லூக்கா எழுதுகிறார். பயமில்லாதவருக்கு அப்படி வியர்க்காது.

நம் ஊருக்குத் தேவசகாயம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்பு வந்து மனமுடைந்திருந்தபோது, டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னதாகச் சொல்வார்கள். எல்லாம் போன பிறகும், "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்றவர் யோபு. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது இவர் எடுத்த பெயர் இலாசர், தமிழில் தேவசகாயம். கல்லறையிலிருந்து கூப்பிடப்பட்டவனின் பெயர்! 1749இல் பிடித்தார்கள். மூன்று ஆண்டு சித்திரவதைக்குப் பின், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அன்று உயிர்ப்புக் காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. குருவோ துறவியோ அல்ல, மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் கூடுதல் பிரியம். எல்லாரிடமும் அந்த அளவு கேட்கப்படுவதில்லை. காலையில் எழுந்து நோயாளிக் கணவரைக் குளிப்பாட்டுகிறவருக்கும் அதே ஆவியானவர்தான் பலம் தருகிறார்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறேன். "ஈஸ்டர் வல்லமையை நம்பு, மாத்திரையை விடு"ங்கறாங்க. விடட்டுமா?

விடாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவரிடம் இப்படி யாரும் சொல்வதில்லை.

எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் கீழ் படுத்து, "ஆண்டவரே, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்றார் (அரசர்கள் முதல் நூல், 19). வானதூதர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்க விட்டார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார். பயணம் நீண்டது, உன்னால் தாங்க முடியாது என்றார். கரையில் பேதுருவுக்கு நடந்ததும் இதுதானே. சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு வந்தால் 14416க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். அழைப்பதற்குக் கை வராவிட்டால் வீட்டில் ஒருவரிடம் சொல்லி அழைக்கச் சொல்லுங்கள். ஜெபமும் செய்யுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள்.

நானும் நம்பித்தான் ஜெபிச்சேன். நடக்கலையே. இனி எதை நம்ப?

இயேசு இறந்த பிறகு எம்மாவு என்ற ஊருக்கு நடந்த இரண்டு சீடர்களும் இதையே சொன்னார்கள்: "எதிர்பார்த்திருந்தோம்." இறந்தகாலத்தில் சொல்கிறார்கள், கேட்கவே வலிக்கும். ஏறத்தாழ 11 கிலோமீட்டர், எருசலேமுக்கு முதுகு காட்டி, ஊரைவிட்டுப் போகிறார்கள். இயேசு அந்தத் தவறான திசையிலேயே அவர்களோடு கூட நடந்தார். முதலில் அவர்களைப் பேசவிட்டு முழுவதையும் கேட்டார். அப்பம் பிட்டபோதுதான் அவர்களுக்குக் கண் திறந்தது.

உங்களுக்கு நடக்காமல் போனது ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஏமாற்றத்தை மென்று விழுங்காதீர்கள், அவர்களைப் போல வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆண்டவரிடமே சொல்லலாம். திருப்பாடல்களில் எத்தனையோ பாடல்கள் அப்படித்தான் இருக்கின்றன.

வேலை, பிள்ளைங்க ஸ்கூல், சமையல். இதுல அம்பது நாள் நான் என்ன செய்ய?

யோவான் 20, 21, லூக்கா 24, இந்த மூன்று அதிகாரத்தையும் திரும்பத் திரும்ப வாசியுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வசனம் போதும். பிறகு திருத்தூதர் பணிகள். ஜெபத்தை நின்றுகொண்டு சொல்லிப் பாருங்கள். 325இல் கூடிய நிசேயா சங்கம் இந்த ஐம்பது நாளும் நின்றே ஜெபிக்கச் சொன்னது. முழங்காலில் நின்று பழகிய நமக்கு வித்தியாசமாக இருக்கும். உயிர்த்தெழுதல் என்ற சொல்லுக்குள்ளேயே எழுதல் இருக்கிறதே.

இன்னொன்று, தவக்காலத்தில் உண்டியல் சேர்த்தோம், இப்போது ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். தனியாக இருக்கும் பாட்டி, விடுதியில் இருக்கும் பிள்ளை, யாராக இருந்தாலும். உயிர்த்த இயேசு அந்த நாள்களில் செய்த வேலைகளில் சாப்பாடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பதினஞ்சு வருஷமா கோயில் பக்கமே போகல. பாவசங்கீர்த்தனமும் இல்ல. திடீர்னு போய் நின்னா ஒரு மாதிரி இருக்காதா?

உயிர்ப்பு இரவுக்கு வாருங்கள். அன்று வழிபாடு கோயிலுக்கு உள்ளே தொடங்குவதில்லை. விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்து, இருட்டில் நெருப்பைச் சுற்றி நிற்போம். தினமும் வருபவர் யார், பதினைந்து வருஷம் கழித்து வந்தவர் யார் என்று அந்த இருட்டில் தெரியாது. வாசலில் பத்து ரூபாய்க்கு ஒரு மெழுகுதிரி வாங்கிக்கொள்ளுங்கள். சாமியார் பாஸ்கா திரியை ஏற்றியதும் ஒருவர் திரியிலிருந்து ஒருவர் பற்றவைத்துக்கொண்டே வருவார்கள். பக்கத்தில் நிற்பவர் உங்கள் பக்கம் திரும்புவார். உங்கள் திரியைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள்.